எழுத்தாணிக்கு அக்கரா என்று பெயர் மாற்றினோம்

ரங்கூனில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மூன்று எழுத்தில் இருக்கும். பிள்ளையார் சுழி போட்டு மேலே தமிழ், நடுவில் பர்மியம், கீழே ஆங்கிலம். காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் அச்சகம் வைத்திருக்கும் மாமா பல வருஷமாக இந்தப் பத்திரிகைகளை அச்சடித்து வருகிறார். அவர் கணினியில் தமிழெல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது, பர்மியமெல்லாம் ஸோஜியில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும்.

பழைய கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடுக்கு மாற்றித் தர, நானும் இங்கே இன்சேன் தெருவில் வேலை பார்க்கும் ஒரு பர்மியத் தங்கையும் பைதானில் ஒரு சிறு நிரல் எழுதினோம். திறந்த மூலம்தான், யாரும் எடுத்துக்கொள்ளலாம். பெயர் ‘எழுத்தாணி’ என்று வைத்தேன். ஓலையில் எழுதிய கை தமிழர் கையும்தான், பர்மியர் கையும்தான். இரண்டு எழுத்துக்கும் அந்த வளைவு ஓலையில் எழுதிப் பழகியதால் வந்தது. பொருத்தமான பெயர் என்று எனக்கு நிறைவாக இருந்தது.

அது தவறான பெயர் என்று புரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

முதல் அடையாளம் மாமாவிடமிருந்து வந்தது. அவர் சொன்னதைக் கேட்டு இன்னொரு அச்சகக்காரர் கைபேசியில் தேடி, அதே பெயரில் இருந்த வேறொரு தட்டச்சுச் செயலியை இறக்கிவிட்டு, “உங்க சாமான் கோப்பையே திறக்க மாட்டேங்குதே” என்று மாமாவிடம் சண்டைக்கு வந்துவிட்டார். இரண்டாவது, எங்கள் பர்மியத் தங்கை. இரண்டு வருஷமாக இந்த நிரலுக்கு என்னோடு உழைக்கிறவள், அதன் பெயரை ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. ‘எலுதானி’ என்பாள். ழகரம் பர்மியத்தில் கிடையாது. அவள் செய்த வேலையை அவள் வாயாலேயே சொல்ல முடியாத ஒரு பெயரை நான் வைத்திருக்கிறேன் என்பது ஒரு நாள் திடீரென்று உறைத்தது. மாற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் ஒரு சோதனை. 11 பேருக்குத் தொலைபேசியில் அழைத்து, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொன்னேன். ழவுக்கு இசட்எச் போட்டவர்கள், எல் போட்டவர்கள், முன்னால் ஒரு ஒய் சேர்த்தவர்கள், தகரத்துக்கு ஒரு டி, இரண்டு டி, டிஎச் என்று ஏழு விதமான எழுத்துக்கூட்டல் வந்தது. முனையத்தில் கட்டளையாகத் தட்ட வேண்டிய பெயர் இது. ஏழில் ஆறு எழுத்துக்கூட்டலுக்கு ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்றுதான் கணினி பதில் சொல்லும். பெயர் வைப்பதற்கு முன்னாலேயே எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை.

பெயர் மாற்றுவது பெரிய திட்டங்களுக்கும் நேர்ந்ததுதான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2002இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வந்தது. வணிகக்குறிச் சிக்கலால் 2003இல் ஃபயர்பேர்ட் ஆயிற்று. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்ததால் அதையும் விட்டு, 2004 பிப்ரவரியில் இப்போதைய பெயருக்கு வந்து சேர்ந்தது. இரண்டு தடவை மாற்றியதற்குக் காரணம், முதல் மாற்றத்தில் போதுமான அளவு தேடாததுதான் என்று நினைக்கிறேன். வலைப் போக்குவரத்தை ஆராயும் ஈதீரியல் என்ற மென்பொருள் 2006இல் வயர்ஷார்க் ஆனதும் வணிகக்குறியால். ஃபயர்ஃபாக்ஸ் என்பது சிவப்புப் பாண்டாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பெயர், அந்த விலங்கு வடக்கே கச்சின் மலைக்காட்டில் இருக்கிறது என்று சொன்னபோது தங்கைக்கு அவ்வளவு சந்தோஷம். “அப்படின்னா அது நம்ம ஊர்ப் பெயர் அகோ” என்றாள். அகோ என்றால் அண்ணன்.

பெயர் தேடும் வேலை மழைக்காலம் முழுக்க நடந்தது. மின்சாரம் இருக்கும் நேரத்தில் நிரல், இல்லாத நேரத்தில் பெயர். நான் முதலில் சொன்னது ‘பலா’. வெளியே முள், உள்ளே சுளை. குப்பை போலத் தெரியும் கோப்பிலிருந்து நல்ல எழுத்தை எடுத்துத் தருவதால் அந்த எண்ணம். தங்கை தயங்கினாள். பர்மியத்தில் ‘பலா’ என்ற ஒலிக்கு வெறுமை, ஒன்றும் எழுதாதது என்று பொருள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் எழுதாத நோட்டுக்குப் ‘பலா ஸாஓ’ என்றுதான் பெயர். எழுத்தைக் காப்பாற்றும் நிரலுக்கு ‘வெற்றுத்தாள்’ என்று பெயர் வைக்க இருந்தோம்.

அவள் சொன்னது ‘சா’. பர்மியத்தில் எழுத்து, பாடம், கடிதம் எல்லாமே ‘சா’தான். ஒரே அசை, தட்டுவதற்கு இரண்டே எழுத்து. ஆனால் தமிழில் அந்த அசைக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாமாவிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ‘கொம்பு’. இந்தப் பெயரை விட எனக்கு மனசே இல்லை. ஏனென்றால் எங்கள் நிரல் செய்கிற முக்கிய வேலையே கொம்பை இடம் மாற்றுவதுதான். ‘கெ’ என்று எழுதும்போது கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் பின்னால். பாமினி அதை அப்படியே கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிக்கும். யூனிகோடோ ஒலிக்கிற வரிசையில், ககரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கும். பர்மியத்திலும் அச்சு அசலாக இதே கதை. அவர்கள் ‘தவேதோ’ என்று சொல்லும் குறியும் மெய்க்கு முன்னால் வரையப்படுவதுதான். ஸோஜி அதை முன்னால் சேமிக்கிறது, யூனிகோடு பின்னால். ஸோஜியில் கூடுதல் தொல்லை என்னவென்றால், யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களில் அது தன் விருப்பப்படி வேறு வடிவங்களை வைத்துக்கொண்டது. அதனால் ஒரு கோப்பு எதில் இருக்கிறது என்று எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் வருகிறது என்று பார்த்து ஊகிக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுதான் என்று நாடே மாறிய பிறகும், அச்சகங்களின் பழைய வட்டுகளில் ஸோஜி அப்படியே தூங்குகிறது.

இரண்டு மொழிக்கும் பொதுவான அந்தக் குறியின் பெயரையே வைத்தால் எவ்வளவு அழகு! ஆனால் ஆங்கில எழுத்தில் தேடிப் பார்த்தால் ஜப்பானியர் சமைக்கிற கடற்பாசி பக்கம் பக்கமாக வருகிறது. அதற்குக் கீழே நம் ஊர் ஊதுகொம்பு. நம் நிரல் எங்கே தலைகாட்டும்? விட்டுவிட்டோம்.

‘அக்கரா’ தங்கையின் பள்ளிப் பாடத்திலிருந்து வந்தது. பாலி மொழியில் எழுத்துக்கு அக்கரம். தமிழில் பழைய நூல்களில் அக்கரம் உண்டு, பேச்சில் நாம் அட்சரம் என்கிறோம். பர்மியரும் அதே பாலிச் சொல்லை அப்படியே எழுதி ‘எக்கயா’ என்று படிக்கிறார்கள். அங்கே ரகரம் யகரமாக ஒலிக்கும். ரங்கூன் யாங்கோன் ஆனதும் அதே வழியில்தான். ஆக, எழுதும்போது இருவருக்கும் ஒரே சொல், படிக்கும்போது அவரவர் வாய்க்கு ஏற்றபடி. எழுத்து மாற்றும் நிரலுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆளுக்கொரு தாளில் அவரவர் எழுத்தில் எழுதிப் பார்த்தோம்.

மாமாவிடம் சொன்னபோது அவருக்குக் காது சற்று மந்தம். “அக்கரையா? நல்ல பேருதான் தம்பி. எங்க தாத்தா கப்பல்ல வந்தப்போ இந்த ஊருதான் அக்கரைச் சீமை. இப்போ நமக்கு அந்த ஊரு அக்கரை ஆயிருச்சு” என்றார். நான் திருத்தவில்லை. அவர் இன்றும் அக்கரை என்றுதான் சொல்கிறார், அதுவும் இந்த நிரலின் பெயர்தான்.

அதே 11 பேருக்கு மறுபடி அழைத்தேன். 9 பேர் ஒரே எழுத்துக்கூட்டல். இரண்டு பேர் ஒரு கே மட்டும் போட்டார்கள். ஒற்றைக் கே போட்டுத் தேடினால் மேற்கு ஆப்பிரிக்காவில் காராமணி மாதிரிப் பயற்றை அரைத்துப் பொரிக்கிற வடை வருகிறது. அதனால் கட்டளைக்கு மட்டும் ஒற்றைக் கே வடிவத்தையும் மாற்றுப் பெயராகச் சேர்த்துவிட்டோம். பைதான் நிரல்களை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பொதிக் களஞ்சியத்தில் வெறும் பெயரைப் பிடிக்காமல் ‘அக்கரா-மாற்றி’ என்று பின்னொட்டோடு பதிந்தோம்.

நிரலின் சின்னத்துக்கு ஓர் உருவம் தேடும் வேலை இதைவிட நீண்டது. தங்கையின் முதல் யோசனை ஆந்தை. பர்மியர் வீட்டில், கடையில் பொன் வண்ணம் பூசிய ஆந்தை ஜோடி வைத்திருப்பார்கள். செல்வம் சேரும் என்பது நம்பிக்கை. நம் வீட்டில் ஆந்தை அலறினால் பாட்டி விளக்கேற்றி வைப்பாள். அவர்களுக்கு லட்சுமி, நமக்கு எமன். மயில் என்றால் எனக்கு முருகன். ஆனால் இங்கே மயில் கொன்பாங் அரசர் கொடியில் இருந்தது, பிறகு மாணவர் இயக்கக் கொடியில் ஏறியது. ஒரு எழுத்துரு மாற்றிக்கு அவ்வளவு பாரம் வேண்டாம்.

பர்மியர் பிறந்த கிழமைக்கு ஒரு பிராணி வைத்திருக்கிறார்கள். ரங்கூனின் பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோனைச் சுற்றி அந்தந்தக் கிழமைக்கான மூலையில் அவரவர் தண்ணீர் ஊற்றி வழிபடுவார்கள். நிரலின் முதல் பதிவு எந்தக் கிழமை என்று பார்க்கச் சொன்னாள் தங்கை. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் குறிப்பேட்டில் நேரமும் நேர வலயமும், நம்முடைய ஆறரை மணிக் கூடுதலோடு, அப்படியே இருக்கிறது. புதன்கிழமை, பகல் 12 தாண்டி. புதன் மட்டும் இரண்டு பாதி. முற்பகல் தந்தமுள்ள யானை, பிற்பகல் தந்தமில்லாத யானை, அதற்கு அதிபதி ராகு. எனக்கு யானை பிடிக்கும். ஆனால் போஸ்ட்கிரெஸ், பிஎச்பி, ஹடூப் என்ற மூன்று மென்பொருளுக்கும் ஏற்கெனவே யானைதான். மாமா ராகு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

தாடிங்யுட் பௌர்ணமிக்கு ஷ்வேடகோன் போனபோது, படிக்கட்டு மண்டபத்துக் கடையில் அந்தப் பொம்மை கண்ணில் பட்டது. காகிதக் கூழில் செய்து சிவப்பு வண்ணம் அடித்து, பொன் கோடு இழுத்த குண்டுப் பொம்மை. பிட் டைங் தௌங் என்பார்கள். எறிகிற ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து நிற்பது என்று அதற்குப் பொருள். கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கொலு ஞாபகம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து யாரோ கொண்டுவந்த தலையாட்டிப் பொம்மை, பாட்டி உயிரோடு இருந்தவரை கடைசிப் படியில் நிற்கும். வண்ணம் வேறு, முகம் வேறு, அடியில் வைத்த களிமண் ஒன்றுதான். உடைந்த எழுத்தை எடுத்து நிமிர்த்தி வைக்கிற நிரலுக்கு இரண்டு ஊரும் ஏற்கெனவே ஒரே பொம்மையைச் செய்து வைத்திருக்கிறது.

பொம்மையின் பெயரையே நிரலுக்கு வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் மனம் அலைந்தது. ‘தௌங்’ என்ற அசைக்கு நிமிர்வது என்பதோடு சிறைச்சாலை என்றும் பொருள் உண்டு என்றாள் தங்கை. தமிழில் தலையாட்டிப் பொம்மை என்றால் எதற்கும் ஆமாம் போடுகிறவன். பெயராக வேண்டாம், உருவமாக இருக்கட்டும்.

படம் வரைவதற்கு முன் ஒரு பொம்மையை நாங்களே செய்து பார்த்தோம். கையால் செய்யாத பொருளை வரைந்தால் எங்கோ பொய் தெரியும். முதல் முயற்சியில் அடிப்பாகத்துக்குக் கொட்டாங்குச்சி எடுத்தேன். மைதாப் பசையில் பழைய பர்மியச் செய்தித்தாளை ஊறவைத்து மேலே ஒட்டி, இரண்டு நாள் காயவைத்தோம். தள்ளினால் விழுந்தது, விழுந்தபடியே கிடந்தது. கொட்டாங்குச்சியின் வளைவு சீரான அரைக்கோளம் அல்ல, ஒரு பக்கம் சப்பை. இரண்டாவது தடவை ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்தோம். இப்போது பாதி எழுந்து அப்படியே சாய்ந்து நின்றது. தலையில் காகிதம் அதிகம், அடியில் மண் குறைவு. பொம்மையின் மொத்த எடையும் கூடுகிற புள்ளி, அடி வளைவின் மையத்துக்குக் கீழே இருந்தால்தான் எழும். மேலே போனால் எத்தனை தள்ளினாலும் எழாது. தலையைச் சுரண்டி உள்ளே வெறுமையாக்கி, அடியில் களிமண்ணோடு நான்கு இரும்பு நட்டுகளைப் பதித்தோம். எழுந்தது. தங்கை அதைப் பத்துத் தடவையாவது தள்ளியிருப்பாள்.

வயிற்றில் என்ன வரைவது என்பதில் தயக்கமே இருக்கவில்லை. நம் கொம்பும் அவர்கள் தவேதோவும் பார்க்க அக்கா தங்கை மாதிரி, ஒரு சுழி, ஒரு வளைவு. ஒரே குறியை நடுவில் வைத்தால் தமிழர் நம்முடையது என்பார்கள், பர்மியர் தங்களுடையது என்பார்கள். நாலைந்து வடிவம் போட்டுப் பார்த்து, யார் பார்த்தாலும் தன் எழுத்தாகத் தெரிகிற ஒன்றை எடுத்துக்கொண்டோம். லினக்ஸின் பென்குயின் சின்னமான டக்ஸை 1996இல் லாரி யூயிங் கிம்ப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தார். எங்களுக்கு இங்க்ஸ்கேப். 16 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தபோது பொன் கோடெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. கோடுகளையெல்லாம் எடுத்துவிட்டு உடல், முகம், கொம்பு என்ற மூன்றை மட்டும் வைத்தோம். கறுப்பு மையில் மட்டும் அடித்தாலும் தெரிய வேண்டும் என்று மாமா சொன்னார். அச்சகக்காரர் பேச்சைக் கேட்க வேண்டும்.

படத்துக்கு உரிமம் தனியாக எழுதினோம். நிரலுக்கு ஜிபிஎல், படத்துக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரலாம் என்ற வகை. டெபியன் என்ற லினக்ஸ் வகை 2006 முதல் பத்து வருஷம் ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில் தந்துகொண்டிருந்தது. நிரல் சுதந்திரமானது, அதன் சின்னமும் பெயரும் அப்படி இல்லை என்பதுதான் தகராறு. நம் பொம்மையால் யாருக்கும் அப்படி ஒரு வேலை வரக்கூடாது.

இனி பெயரை நிரலுக்குள் மாற்றிய கதை. இங்கேதான் அதிகம் அடிபட்டேன்.

எல்லாக் கோப்பிலும் ‘எழுத்தாணி’ என்ற சொல்லைத் தேட, சொல்லின் இரண்டு பக்கமும் சொல் எல்லைக் குறி போட்டு ஒரு பைதான் துண்டு எழுதினேன். ‘எழுத்தாணியில்’, ‘எழுத்தாணியை’ எல்லாம் சிக்கியது. தனியாக நின்ற ‘எழுத்தாணி’ ஒன்றுகூடச் சிக்கவில்லை. தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்? காரணம் புரிய ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பைதானின் வழக்கமான தேடல் தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ‘ணி’யில் கடைசியாக நிற்பது இகரக் குறி. அதற்குப் பின் இடைவெளி வந்தால் இரண்டுமே ‘சொல்லல்லாதவை’, ஆகவே நடுவில் எல்லை இல்லை. பின்னால் யகரம் வந்தால் மட்டும் அங்கே எல்லை பிறக்கிறது. தமிழுக்கு அந்தக் குறியை நம்பாதீர்கள். எல்லைக் குறியே இல்லாமல் தேடி, ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்துத்தான் மாற்றினேன்.

கண்ணால் பார்த்தது நல்லதாயிற்று. எழுத்தாணியில் என்பதில் முன்பாதியை மட்டும் மாற்றினால் ‘அக்கராயில்’ என்று வரும். ஆகாரத்துக்கு அடுத்து வகர உடம்படுமெய்தானே, ‘அக்கராவில்’ என்று இருக்க வேண்டும். உதவிப் பக்கங்களில் மட்டும் 60 இடத்துக்கு மேல் திருத்தினேன். சோதனைக் கோப்புகளில் ஓலைச்சுவடி பற்றிய ஒரு பத்தி இருந்தது. அங்கே எழுத்தாணி என்பது உண்மையான எழுத்தாணி. அதைத் தொடவில்லை.

பழைய பெயரில் அழைப்பவர்களுக்காகப் பழைய தொகுதியை ஒரு வெறும் கூடாக விட்டுவைத்து, ‘பெயர் மாறிவிட்டது’ என்று எச்சரிக்கை வைத்தோம். இரண்டு வாரம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ‘டெப்ரிகேஷன்வார்னிங்’ என்ற வகையைப் போட்டிருந்தோம். பைதான் அதைப் பெரும்பாலும் பயனருக்குக் காட்டாது, நிரலாளருக்கு மட்டுமானது. ‘ஃபியூச்சர்வார்னிங்’ என்று மாற்றியதும் அன்றே மாமா கடைப் பையன் கூப்பிட்டு, “அண்ணே, என்னமோ மஞ்சளா எழுதுது” என்றான். நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகவே திருப்பிவிடும். ஆனால் பழைய பெயரில் நாமே புதிதாக ஒரு களஞ்சியம் திறந்தால் அந்தத் திருப்பம் அறுந்துபோகும். அதனால் அந்தப் பெயரை இனித் தொடக்கூடாது என்று பங்களிப்பாளர் குறிப்பில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறோம்.

புதுப் பெயரில் முதலில் மாற்றியது தீமிதித் திருவிழா நோட்டீஸ், பாமினியில் பத்து வருஷமாகத் தூங்கிய கோப்பு. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். “அட்சரம் பிசகலையே” என்றார். ஒரே ஒரு இடத்தில் ஸ்ரீ உடைந்திருந்தது, அதை மறுநாள் சரிசெய்தோம். நாங்கள் செய்த பொம்மை இப்போது அவர் கணினித் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மழை ஈரத்தில் முகத்து வண்ணம் கொஞ்சம் உரிந்துவிட்டது. தங்கை வார்னிஷ் வாங்கி வந்திருக்கிறாள்.

மௌலமியைனிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை மோன் எழுத்துக்கும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். மோனிலும் அந்தக் கொம்பு முன்னால்தான் நிற்கும். பழைய கோப்பு இருந்தால் இரண்டு பக்கம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.